பரணுக்கு எந்த ஏணி?

பரணில் ஏற எந்த ஏணி வாங்கலாம் என்ற கேள்வி நம் வயதுக்காரர்களிடையே அடிக்கடி வருகிறது. மூங்கிலா, இரும்பா, அலுமினியமா? நாலு படி போதுமா, ஏழு படி வேண்டுமா? மேற்கூரையிலிருந்து இழுத்தால் இறங்கி வருமாமே, அந்த மடிப்பு ஏணி நம் வீட்டுக்கு ஆகுமா? கடைக்காரரிடம் கேட்டால் விலையைச் சொல்வார். பேரனிடம் கேட்டால் செல்போனில் நூறு படம் காட்டுவான். நான் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஏணிக்கும் பரணுக்கும் நீண்ட கதை இருக்கிறது. அது தெரிந்தால், என்ன வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கும் சேர்த்துத்தான்.

மதிலிலிருந்து சமையலறைக்கு

பரண் என்றதும் இன்று நமக்குப் பழைய அண்டாவும் கிழிந்த பாயும் கிடக்கும் இடம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தினைப்புனத்தில் கிளியையும் காட்டுப் பன்றியையும் விரட்ட, நாலு கால் நட்டு மேலே தட்டி பரப்பிக் கட்டிய காவல் மேடையும் பரண்தான். சங்க இலக்கியத்தில் அதற்கு இதணம், கழுது, பணவை என்று பல பெயர்கள். மலையடிவாரத் தோட்டங்களில் காவலுக்குப் பரண் கட்டும் வழக்கம் நம் காலத்திலும் உண்டு.

நம் கொங்குப் பக்கத்தில் வீட்டுப் பரணை அட்டாலி என்போம். பழைய நூல்களில் அட்டாலை என்றால் கோட்டை மதில்மேல் இருக்கும் காவல் மேடை. பகைவனைப் பார்க்க ஏறிய இடத்தின் பெயர், புளிப்பானை வைக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. யோசித்தால் இதில் பொருத்தம் இருக்கிறது. வயல் பரண் மனிதனை மிருகத்திடமிருந்து காத்தது. வீட்டுப் பரண் தானியத்தை எலி, எறும்பு, ஈரம் மூன்றிலிருந்தும் காத்தது. உயரம் என்பது பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் கூலிதான் ஏறி இறங்கும் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒன்பதாயிரம் ஆண்டு ஏணி

துருக்கியில் சத்தல்ஹோயூக் என்ற பழைய ஊரைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்னால் மக்கள் வாழ்ந்த இடம். 2012-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஊரில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நெருக்கமாக இருந்தன. நடுவில் தெரு என்று ஒன்று கிடையாது. கூரைமேல் நடந்து வந்து, கூரையில் விட்ட திறப்பு வழியாக ஏணியில் வீட்டுக்குள் இறங்க வேண்டும். அடுப்புப் புகையும் அதே திறப்பு வழியாகத்தான் வெளியே போகும். கிழவர், கிழவி, கைக்குழந்தைக்காரி எல்லோருக்கும் அதுதான் வாசல்.

ஆஸ்திரியா நாட்டில் ஹால்ஸ்டாட் என்ற ஊரில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே 2003-ல் ஒரு மரப் படிக்கட்டு கிடைத்தது. மரத்தின் வளையங்களைக் கொண்டு கணக்கிட்டதில் அது கி.மு. 1344-ஐ ஒட்டிச் செய்தது என்று தெரிந்தது. உப்பு சூழ்ந்திருந்ததால் மரம் மக்கவில்லை. நான் கவனித்த விஷயம் அதன் வயது அல்ல. சுரங்கத்தின் சரிவுக்கு ஏற்ப மிதிபலகையின் சாய்வை மாற்றி அமைக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். உப்புச் சுமையோடு போய்வருகிறவனுக்கு உருண்டைக் கம்பு போதாது, பாதம் முழுவதும் பதியும் பலகை வேண்டும் என்பது மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே தச்சனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் ஏணி பழையதுதான். மலைத்தேன் எடுக்கப் பாறையில் சார்த்திய ஏணிக்குச் சங்க நூல்களில் மால்பு என்று பெயர். மலைபடுகடாமில் அது வருகிறது. இதையே கண்ணேணி என்றும் சொல்வார்கள். ஒற்றை மூங்கிலின் கணுக்களே படி. ஸ்பெயினில் வலென்சியா பக்கத்துக் குகை ஒன்றில், தொங்கும் ஏணியில் ஏறித் தேன் எடுக்கும் ஆளின் கற்கால ஓவியம் இருக்கிறது. எங்கோ ஸ்பெயின், எங்கோ நம் மலைகள். இரண்டு இடத்திலும் தேனுக்காக ஏறியிருக்கிறான்.

இந்த மூன்று ஏணிகளும் மூன்று விதமான ஆட்களுக்கானவை. வீட்டு ஏணி எல்லோரும் தினமும் ஏறுவது. சுரங்கப் படி சுமைகாரனுக்கு. மால்பு, உடம்பில் பலமும் பயமின்மையும் உள்ள இளைஞனுக்கு. ஏணியைத் தேர்ந்தெடுப்பது என்றால் முதலில் ஆளைப் பார்ப்பது.

அந்தக் கால வீட்டுக் கணக்கு

நம் பழைய வீடுகளில் பரண் பெரும்பாலும் அடுப்புக்கு நேர்மேலேயோ பக்கத்திலோ இருக்கும். மூங்கிலையோ பனஞ்சட்டத்தையோ சுவருக்குச் சுவர் போட்டு, மேலே பலகையோ தட்டியோ பரப்பியிருப்பார்கள். விறகடுப்புப் புகை நாள் முழுவதும் அதைத் தடவிக்கொண்டிருக்கும். விதைத் தானியம், புளி, மிளகாய் வற்றல் எல்லாம் பூச்சி அரிக்காமல் இருந்தது அந்தப் புகையால்தான். கரி படிந்து கறுத்துப்போன அந்த அட்டாலி அழுக்கு இடம் அல்ல. அது ஒரு மருந்தடித்த கிடங்கு.

உயரம் அதிகம் இல்லை. ஓட்டு வீட்டுச் சுவரே தாழ்வாகத்தான் இருக்கும். ஒரு முக்காலி, இல்லாவிட்டால் குப்புறக் கவிழ்த்த உரல் போதும், கை எட்டிவிடும். தினமும் எடுக்க வேண்டியது பரணுக்குப் போகவே போகாது. அது உறியில் தொங்கும், மாடத்தில் இருக்கும், அல்லது அஞ்சறைப்பெட்டியில் இருக்கும்.

குதிரைப் பாருங்கள். மண்ணால் செய்த ஆளுயரக் குதிர், அதைவிடப் பெரியதும் உண்டு. அறுவடை முடிந்ததும் ஏணி சார்த்தி, மேல் வாய் வழியாக நெல்லையோ கேழ்வரகையோ கொட்டுவார்கள். கொட்டி முடித்ததும் வாயை மூடி மண்பூசிவிடுவார்கள். எடுப்பதற்குக் கீழே சிறிய துளை. அடைப்பை எடுத்தால் தானியம் தானாக வந்து முறத்தில் விழும். நிரப்ப ஒரு நாள் ஏறினால் போதும். எடுக்க ஒரு வருஷமும் ஏற வேண்டாம். ஏறும் நாளில் வீட்டில் இளவட்டங்கள் இருப்பார்கள், பண்ணையாள் இருப்பார். எடுக்கும் நாளில் பாட்டி மட்டும் இருந்தாலும் சமையல் நடக்கும். இதைவிட நல்ல சேமிப்பு ஏற்பாட்டை இன்றைய கட்டடக்காரர்கள் யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

பரணுக்கும் இப்படி ஒரு நாள்காட்டி இருந்தது. தைக்கு முன்னால் வெள்ளையடிக்கும்போது எல்லாம் கீழே வரும். போகியன்று கழிக்க வேண்டியதைக் கழித்து, மிச்சம் மேலே போகும். கொலு வைக்கும் வீடுகளில் புரட்டாசியில் பொம்மைப் பெட்டி இறங்கும், நவராத்திரி முடிந்ததும் ஏறும். கல்யாணம், காதுகுத்து என்றால் பெரிய அண்டாவும் தவலையும் இறங்கும். ஏறுகிறவன் வீட்டில் உள்ள பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். இடுப்பில் டிரவுசரை இழுத்துக் கட்டிக்கொண்டு, அரிக்கேன் விளக்கை முன்னால் தள்ளிக்கொண்டு தவழ்ந்து போவான். கீழேயிருந்து பாட்டி, எந்தப் பானைக்குப் பின்னால் எந்தத் தூக்கு இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே சொல்லுவார். நானும் அப்படி ஏறியவன்தான். பாட்டியின் நினைவும் பேரனின் கால்களும் சேர்ந்தால்தான் அந்தப் பரண் வேலை செய்யும்.

ஏற ஆளில்லாத பரணுக்கு என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. ஏட்டுச் சுவடிகள் எத்தனையோ வீடுகளின் பரண்களில்தான் கிடந்தன. படிக்கத் தெரிந்த தலைமுறை போனதும், மேலே என்ன இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. செல்லரித்தவை போக மிச்சத்தை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்ட கதைகளை உ.வே.சாமிநாதையர் வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அவர் ஊர் ஊராக அலைந்து மீட்டதுதான் நமக்குக் கிடைத்த செல்வம்.

மூங்கில் ஏணி

நம் சிறுவயதில் ஏணி என்றால் மூங்கில்தான். சேர்வராயன் மலை, கல்வராயன் மலைப் பக்கத்துக் கல் மூங்கில் உள்ளே பொள்ளல் குறைவாக, கெட்டியாக இருக்கும். அதில் இரண்டு நீளக் கால்கள். காலில் துளையிட்டுக் குறுக்கே சொருகிய கம்புகளுக்கு ஏணிப்பழு என்று பழைய பெயர். கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். மரமேறவும் ஓடு மாற்றவும் வெள்ளையடிக்கவும் ஊருக்கு நாலைந்து வீட்டில் ஏணி இருக்கும், மற்றவர்கள் இரவல் வாங்கிக்கொள்வார்கள். உபயோகம் முடிந்ததும் கூரை இறவாரத்தின் கீழ் படுக்கைவாட்டில் தொங்கவிடுவார்கள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் மூங்கில் வெடித்துவிடும்.

மூங்கில் ஏணியின் நல்ல குணம், அது கெட்டுப்போவதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிடும். மிதித்தால் கிறீச்சிடும், பழு ஆடும். கெட்ட குணம், சுவரில் சார்த்தித்தான் ஆகவேண்டும், கீழே ஒரு ஆள் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த ஆள் அன்று எப்போதும் இருந்தார். அதனால் அது குறையாகவே தெரியவில்லை.

சார்த்தும் ஏணிக்கு உலகம் முழுவதும் ஒரே கணக்கு. நாலுக்கு ஒன்று. எட்டடி உயரத்தில் சார்த்தினால் அடிக்கால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிட நெருக்கினால் பின்னால் சாயும், தள்ளினால் அடி வழுக்கும். நம் கொத்தனார்களுக்கு இந்தக் கணக்கு எழுத்தில் தெரியாது, பார்வையில் தெரியும்.

மேல்நாட்டுப் பரணும் இழுப்பு ஏணியும்

இப்போது கடைகளில் பேசப்படும் இழுப்பு ஏணிக்கு வருவோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனி வழுக்கி விழ வேண்டும் என்பதற்காகக் கூரையைச் செங்குத்தாகக் கட்டுவார்கள். அந்தக் கூரைக்கும் அறையின் உள்கூரைக்கும் நடுவில் ஓர் ஆள் நடமாடும் அளவுக்கு இடம் மிஞ்சும். அதுதான் அவர்கள் பரண். அங்கே போக அறையின் உள்கூரையில் ஒரு கதவு. ஒரு கயிற்றை இழுத்தால் கதவு திறந்து, அதன்மேல் இரண்டு மூன்றாக மடித்து வைத்த ஏணி விரிந்து தரையைத் தொடும். வேலை முடிந்ததும் மடித்துத் தள்ளினால் வில்லின் உதவியால் மேலே போய் மறைந்துவிடும். மாடிப்படிக்கு இடம் விடாமலே பரணுக்கு வழி கிடைத்தது.

அதற்கு முன்பே, ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரத்துத் தச்சர் ஜான் பால்ஸ்லி 1862-ல் மடக்கு ஏணிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். உருண்டைக் கம்புக்குப் பதில் தட்டைப் படி, சுவர் தேவையில்லாமல் தானே நிற்கும், மடித்தால் மூலையில் அடங்கும். இன்று நம் வீடுகளில் இருக்கும் ஏ வடிவ ஏணிகள் அந்த வழியில் வந்தவைதான்.

இழுப்பு ஏணி நம் வீட்டுக்கு ஆகுமா? பெரும்பாலும் ஆகாது. அதற்கு உள்கூரையில் சுமார் இரண்டடி அகலம், நாலரை அடி நீளத்துக்குத் திறப்பு வேண்டும், மேலே நடமாட இடம் வேண்டும். நம் வீட்டில் மேலே இருப்பது கான்கிரீட் தளம். அதை வெட்டித் திறப்பு விடுவது கம்பியை அறுக்கும் வேலை, பொறியாளரைக் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் பழைய மங்களூர் ஓட்டு வீடுகளில், ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து மச்சு விட்டிருந்தால் அங்கே இது பொருந்தும். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆரம்பித்த ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய அந்த ஓட்டு வீடுகள் ஏற்காட்டிலும் குன்னூரிலும் இன்னும் இருக்கின்றன. அத்தகைய வீட்டுக்காரர்கள் வாங்குவதானால், எத்தனை கிலோ தாங்கும், உள்கூரையின் உயரத்துக்குச் சரியான நீளமா, விரித்தால் முன்னால் எவ்வளவு தரை தேவை என்ற மூன்றையும் அளந்து பார்த்து வாங்க வேண்டும். ஐரோப்பாவில் பரண் ஏணிக்கென்றே ஈஎன் 14975 என்று தனித் தரநிர்ணயம் வைத்திருக்கிறார்கள்.

சிமென்ட் வந்தது, லாஃப்ட் வந்தது

நம் பரணை மாற்றியது சிமென்ட். 1904-ல் சென்னையில் சிமென்ட் செய்யும் முயற்சி நடந்தது. 1939-ல் டால்மியாபுரம், 1949-ல் தாழையூத்து, பிறகு 1960-களில் நம் சங்ககிரி என்று ஆலைகள் பெருகின. சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு உத்தரமும் போய் கம்பி கட்டிய கான்கிரீட் வந்தது. 1961-ல் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் ஏற்பட்ட பிறகு, சின்ன அறைகள் கொண்ட வரிசை வீடுகள் ஊருக்கு ஊர் எழுந்தன. இடம் குறைவு, சாமான் அதிகம். கதவு ஜன்னலுக்கு மேல் போடும் லின்டல் மட்டத்தில் ஒரு பலகையை நீட்டிவிட்டால் செலவும் குறைவு. அதுதான் லாஃப்ட்.

இந்த லாஃப்டுக்கும் பழைய பரணுக்கும் வித்தியாசம் இருக்கிறது. லின்டல் மட்டம் என்றால் ஏழடி. மேலே தளம் வரை மூன்றடிதான். இரண்டடி ஆழம். புகை கிடையாது, காற்று கிடையாது. உள்ளே பின்பக்கம் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பே லாஃப்ட் என்பதைச் சாமான் வைப்பதற்கான, ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத உயரமுள்ள இடம் என்றுதான் வரையறுக்கிறது. அதாவது நிற்பதற்கான இடம் அல்ல. ஏணியில் நின்றபடியே எடுக்க வேண்டும், ஏணியில் நின்றபடியே வைக்க வேண்டும். பழைய பரணில் பையன் மேலே போய் உட்கார்ந்துகொண்டு எடுத்துக் கொடுத்தான். லாஃப்டில், பாரத்தைக் கையில் வாங்கும் நொடியில் ஆள் அந்தரத்தில் நிற்கிறான். விழுவது அந்த நொடியில்தான்.

இன்னொன்றும் மாறியது. வீட்டில் பையன் இல்லை. படிக்கப் போனான், வேலைக்குப் போனான், பெங்களூரிலோ கலிபோர்னியாவிலோ இருக்கிறான். குடும்பம் சுருங்கியது, பரண் மட்டும் அறைக்கு அறை பெருகியது. பிள்ளைகளின் கல்லூரிப் புத்தகம், பழைய டிவி வந்த அட்டைப்பெட்டி, மகள் கல்யாணத்துப் பாத்திரம், கிரைண்டர் வந்த பிறகும் விட மனமில்லாத ஆட்டுக்கல் குழவி எல்லாம் மேலே. கீழே எழுபது வயது தாண்டிய இரண்டு பேர்.

ஏற்காட்டு மண்ணும் அலுமினிய ஏணியும்

இந்தக் கட்டத்தில்தான் அலுமினிய ஏணி வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் அலுமினியம் அபூர்வ உலோகம். 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சின்ன அலுமினியக் கூம்பைப் பெருமையாக வைத்தார்கள். இரண்டே வருஷம் கழித்து, 1886-ல், அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ என்ற இரு இளைஞர்கள் தனித்தனியாக மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க இன்றைக்கும் 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். அதனால் அலுமினிய ஆலை பெரும்பாலும் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகும்.

இதில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் எடுத்த பாக்சைட் தாதுவைக் கொண்டு, 1960-களில் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. மால்கோ என்றால் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மலையிலிருந்து செம்மண் நிறத் தாதுவோடு லாரிகள் இறங்கியதைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பார்கள். அதே மலையிலிருந்து ஒரு காலத்தில் மூங்கில் இறங்கி ஏணியாயிற்று. ஏணிக்கான உலோகத்தின் தாதுவும் அதே மலையிலிருந்து இறங்கியது.

அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். வயதானவர்களும் ஒரு கையால் தூக்கலாம். துருப்பிடிக்காது. இந்த வசதியே ஒரு வலை என்பது என் அபிப்பிராயம். மூங்கில் ஏணியை எடுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆள் வந்தால் அவரே ஏறிவிடுவார். அலுமினிய ஏணியை நாமே எடுத்து விரித்து நாமே ஏறிவிடுகிறோம், பகல் பதினொரு மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது. எங்கள் காலைநடைக் கூட்டத்தில் ஒருவர் அப்படித்தான் ஒரு பழைய ஃபைலை எடுக்க ஏறினார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு மாதம் ஆயிற்று கம்பு ஊன்றி வெளியே வர. அவர் தேடிய ஃபைல் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் வருஷத்துக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். இதில் அதிகமானவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். இவர்கள் எல்லோரும் ஏணியில் ஏறியவர்கள் அல்ல. ஆனால் சமதரையிலேயே தடுமாறும் வயதில் ஐந்தடி உயரத்தில் பாரத்தோடு நிற்பது என்ன கணக்கு என்று யோசிக்க வேண்டும்.

எதை வாங்குவது

இனி கேள்விக்கு வருவோம். வாங்கத்தான் வேண்டும் என்றால் என் கணக்கு இது.

உயரத்தை முதலில் அளக்க வேண்டும். லாஃப்ட் ஏழடியில் இருக்கிறது. சாமானைப் பாதுகாப்பாக எடுக்க, லாஃப்டின் தளம் நம் நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். ஐந்தே கால் அடி ஆளுக்கு நெஞ்சு நாலடியில். ஆக, மூன்றடி உயரத்தில் நின்றால் போதும். ஒரு படி ஒன்பது பத்து அங்குலம் என்றால் நாலு படி. ஏழு படி ஏணி தேவையே இல்லை. நீளமான ஏணியைப் பார்த்தால் மின்விசிறியையும் துடைத்துவிடலாம் என்ற ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மேல்படி அகலமாக, இரண்டு பாதமும் தாராளமாகப் பதிய மேடைபோல இருக்க வேண்டும். அதற்கு மேலே இடுப்பு உயரத்துக்குப் பிடிமானக் கம்பி வேண்டும். மற்றப் படிகளும் மூன்று அங்குலத்துக்குக் குறையாத பட்டைப் படிகளாக, வரிவரியாக இருக்க வேண்டும். உருண்டைக் குழாய்ப் படி வேண்டாம். ஹால்ஸ்டாட் தச்சன் சொன்ன பாடம்தான்.

தாங்கும் எடையைப் பார்க்கும்போது உடம்பு எடையோடு சாமானையும் கூட்ட வேண்டும். எண்பது கிலோ ஆள், பதினைந்து கிலோ அண்டா. 150 கிலோ என்று போட்டிருப்பதை வாங்குவது நல்லது. நாலு காலிலும் ரப்பர் குமிழ் இருக்கிறதா, விரித்ததும் பூட்டிக்கொள்கிறதா என்று கடையிலேயே விரித்து, ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். ஆடினால் வேண்டாம். நம் நாட்டிலும் ஏணிப் பாதுகாப்புக்கு ஐஎஸ் 3696 இரண்டாம் பகுதி என்று விதிமுறை உண்டு.

மின்சார வேலைக்கு அலுமினியமும் இரும்பும் கூடாது. அதற்கு நார்க்கண்ணாடி ஏணி கிடைக்கிறது. ஆனால் அதை வாங்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன், நாம் அல்ல.

ஏறும்போது இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் சாமானை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். ஏறுகிறவர் இறக்கக் கூடாது, கீழே நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். கீழே ஆளில்லை என்றால் அன்றைக்கு ஏறக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், அண்ணாந்து பார்த்தால் கண் இருட்டுகிறவர்கள் எந்த ஏணியிலும் ஏற வேண்டாம். அவர்களுக்குச் சரியான ஏணி என்று ஒன்று கடையில் இல்லை.

குதிர் சொன்ன வழி

இவ்வளவு சொன்ன பிறகு, என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். நம் முன்னோர் ஏணியைப் பெரிதாக யோசித்தவர்கள் அல்ல. எதை மேலே வைப்பது, எப்போது ஏறுவது, யார் ஏறுவது என்பதைத்தான் யோசித்தார்கள். அந்த மூன்றையும் நாம் விட்டுவிட்டு, ஏணியை மட்டும் நல்லதாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ வரும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். பரணில் இருப்பது எல்லாவற்றையும் அவர்களை விட்டு இறக்குங்கள். கூடத்தில் பரப்பி மூன்று பங்காகப் பிரியுங்கள். கொடுக்க வேண்டியது, கழிக்க வேண்டியது, வைக்க வேண்டியது. பத்திரம், ஓய்வூதியக் காகிதம், மருத்துவச் சீட்டு எதுவும் இடுப்பு உயரத்துக்கு மேலே போகக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்படும் கொலுப் பெட்டியும் பண்டிகைப் பாத்திரமும் மட்டும் மேலே போகட்டும், பெட்டிமேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி. பழைய போட்டோக்கள் கண்டிப்பாக மேலே போக வேண்டாம். அதில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தவர்கள் நாம்தான். சுவடிகளுக்கு நேர்ந்தது அவற்றுக்கு நேரக் கூடாது. நாம் இருக்கும்போதே பின்பக்கத்தில் பெயரும் வருஷமும் எழுதி, கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

அப்படிச் செய்துவிட்டால், அந்த நாலு படி ஏணி வருஷத்தில் முந்நூற்று அறுபது நாள் கதவுக்குப் பின்னால் சும்மா நிற்கும். நிற்கட்டும். வாங்கிய காசு வீண் என்று நினைக்க வேண்டியதில்லை.